பேர் எழுதாத குப்பி

1

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து என் கொழுந்தன் போனில் பேசினான். எனக்குக் கொழுந்தன்மார் நாலு பேர் உண்டு. எவன் என்று எழுத மாட்டேன். மழை பெய்ததையும் மரச்சீனிக் கிழங்கு அழுகினதையும் சொல்லிவிட்டு, போனை வைக்கப் போகிற நேரத்தில், ஆபரேசனுக்கு முன்னே அண்ணனுக்கு உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டான். ராத்திரி எழும்பி எழும்பிப் போக வேண்டியிருந்ததா, போய் நின்றாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்ததா என்று. எதுக்குக் கேக்கிற என்றேன். சும்மா என்றான். பிறகு, "அண்ணனுக்குக் கல்லுதானே எடுத்தது மைனி?" என்றான்.

கல் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தோம். சொன்னது நான்தான். கல் என்றால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. வீட்டுக்கு ஒருத்தருக்கு உண்டு. வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்வார்கள், அதோடு பேச்சு முடியும்.

என் வீட்டுக்காரர் கையை நீட்டிப் போனை வாங்கினார். "ஏலே, கல்லு இல்லலே. புத்து. நீ நாளைக்கே போய்க் காட்டு" என்றார். அவன் உடனே, கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான். அதிலிருந்து எங்கள் நம்பரைப் பார்த்தால் எடுக்கிறதில்லை.

நம்ம ஊரில் அச்சடிக்கிற ஊர் மலருக்கு நான் வருசா வருசம் எழுதுவது உங்களுக்குத் தெரியும். மூணாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனாலும் வேறொருத்தரை வைத்து எழுதினது இல்லை. பனி விழுவதைப் பற்றியும், பள்ளிக்கூட ஹாலில் நாங்கள் பொங்கல் விடுவதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று நீங்களும் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். இந்த வருசம் நடந்ததை எழுது என்று வீட்டுக்காரர் சொன்னார். ஊரே வாசித்தால் அவன் வீட்டிலும் வாசிப்பார்கள், பிறகு எங்கே போய் ஒளிவான் என்றார். கொஞ்சம் கழித்து, "மூத்திரம்னு எழுதாத ஏட்டி, நீருன்னு எழுது" என்றும் சொன்னார்.

சரி என்றேன். எழுதக் கை கூசத்தான் செய்கிறது.

2

நாங்கள் இருப்பது கனடாவில் எட்மண்டன் என்கிற ஊர். இங்கே வருகிறவரை நாங்கள் இருந்த இரணியல் வீட்டில் கக்கூஸ் கிணற்றுக்கும் அந்தப்பக்கம், முருங்கைக்குப் பின்னால். யார் எப்போது போனார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. இங்கே வீட்டுக்கு நடுவில் இருக்கிறது. சுவர் அட்டை மாதிரி. தண்ணீர் விட்டால் சாப்பாட்டு மேசை வரை கேட்கும்.

என் மாமனார் சாகிறவரை என்னிடம் நேரே பேசினது கிடையாது. நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்பேன். அவர் மாமியாரைப் பார்த்து, "அவகிட்ட சாயா உண்டுமான்னு கேளு" என்பார். அதுதான் எங்கள் வீட்டு மரியாதை. அந்த மரியாதையை என் வீட்டுக்காரர் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

எங்களுக்கு ஒரே மகன், மணி. வடக்கே மணலிலிருந்து எண்ணெய் எடுக்கிற இடத்தில் வேலை. போனால் இரண்டு வாரம் கழித்துத்தான் வருவான், வந்தால் தூங்குவான். அப்பாவிடம் பேசுகிறது என்னவென்றால், "என்னப்பா?" அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மருமகள் சுபா, பேத்தி அனு.

மேசையில் நாலு பேரும் இருப்போம். "அவகிட்ட சொல்லு, கறி கொள்ளாம், நல்லாருக்குன்னு" என்று இவர் என்னிடம் சொல்வார். "மாமாவுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளுங்க மாமி" என்று சுபா என்னிடம் சொல்வாள். நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். அனுவுக்குத் தமிழ் வரவரக் குறைந்துகொண்டே போகிறது. தாத்தாவுக்குக் காது கேட்காதா என்று அவள் அம்மாவிடம் இங்கிலீஷில் கேட்டாளாம்.

இவருடைய உள்துணியை இவரே துவைத்து, குளிமுறியில் திரைக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டிக் காயப் போடுவார். சுபா வேலைக்குப் போகிறவரை அந்தப் பக்கம் போக மாட்டார். சனியும் ஞாயிறும் அவள் வீட்டில் இருப்பாள் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அதை நான் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்தில் யாருக்கு இந்த அடக்கம் உண்டு என்று நினைத்தேன். அந்த அடக்கத்துக்குள்ளே சீக்கு இருந்தது தெரியவில்லை.

3

சுபா தோவாளைக்காரி. அவள் அப்பா பூ மொத்த வியாபாரம். சம்பந்தம் பேசும்போது, பெண்ணுக்குப் படிப்பு கொஞ்சம் கூடிப்போச்சே என்று நான் இழுத்தேன். பிறகு, டாக்டர் பட்டம் என்றார்கள். அது போதும் என்று ஊரெல்லாம் டாக்டர் மருமகள் என்று சொல்லிக்கொண்டேன். நோயாளியைப் பார்க்காத டாக்டர் என்று இங்கே வந்துதான் தெரியும். அவள் என்னதான் பார்க்கிறாள் என்பதை அனுதான் சொன்னாள். அம்மா ஆம்பிளைகளுடைய பீயைப் பார்க்கிறாள் என்றாள். இங்கிலீஷில் பீ என்றால் மூத்திரம் என்று பிறகு விளங்கியது. விளங்கியும் ஒரு ஆறுதல் வரவில்லை.

எனக்குப் பெரிய நாணக்கேடாகப் போயிற்று. பூப்போல வளர்ந்த பிள்ளை, கடல் தாண்டி வந்து, கண்டவனுடைய நீரைக் குப்பியில் வைத்துப் பார்க்கிறாள். இதை ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதே மக்கா என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள்.

உடம்பில் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் எழுத்து இருக்கிறதாம். அதிலிருந்து நகல் எடுத்து, நகலைப் பார்த்துத்தான் உடம்புக்கு வேண்டிய சாமானெல்லாம் செய்கிறதாம். அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பேர். ஆனால் நகலில் பாதிக்கு மேல் ஒரு சாமானும் செய்யாதாம். நீளநீளமாக எடுத்து வைத்திருக்கும், ஒன்றுக்கும் உதவாது. குப்பை என்றுதான் படித்தவர்களே ரொம்பக் காலம் நினைத்திருந்தார்களாம். இப்போதுதான் தெரிகிறதாம், அந்த நீளமானதில் சிலது தானாக ஒன்றும் செய்யாது, ஆனால் எதைச் செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று மற்றதை ஆட்டி வைக்குமாம்.

எனக்கு உடனே பிடிகிடைத்தது. "எனக்க மாமியார் மாதிரி" என்றேன். அவள் கட்டிலை விட்டு இறங்க மாட்டாள். ஒரு சட்டி தொட மாட்டாள். ஒரு செருமல் செருமினால் அடுப்பில் இருக்கிற மீன்குழம்பு இறங்கி அவியல் ஏறும்.

சுபா துருவுகிறதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "அதேதான் மாமி. ஒரு வேலையும் செய்யாது, ஆனா வீடே அதுக்க பேச்சுலதான் நடக்கும்" என்றாள். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் அந்த இடத்தில் இப்போது இருப்பது யார் என்பது பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது.

ஆம்பிளைகளுக்கு மூத்திரப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறது. அங்கே புற்று வந்தால், அந்த நீள நகலில் ஒரு வகை அளவுக்கு மேல் பெருகி நீரோடு இறங்குமாம். அதைத்தான் அவள் பார்க்கிறாள். மருந்து உண்டா என்று கேட்டேன். பெருகுகிற நகலையே பிடித்து அடக்கினால் நோய் அடங்குமா என்று சில இடங்களில் எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். மனிதருக்கு இன்னும் இல்லை, இப்போதைக்கு இது அடையாளம் மட்டும்தான் மாமி என்றாள். கூட்டிச் சொல்லத் தெரியாத பிள்ளை.

4

இவருக்கு நீர் அடைத்துக்கொண்ட பிறகுதான் ஆசுபத்திரிக்குப் போனோம். இங்கே எந்தச் சன்னலுக்கு முன்னால் போய் நின்றாலும் முதலில் பிறந்த தேதி கேட்பார்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்தவன் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தேதியைப் போட்டுவிட்டான், வருசம் உட்பட. சன்னலில் இருந்த பெண் இரண்டு அட்டையையும் பார்த்துவிட்டு, இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்டிருக்கிறாள். நான் யெஸ் என்றேன். எதைக் கேட்டாலும் யெஸ் என்பதுதான் என் இங்கிலீஷ்.

டாக்டர் பேசுவதைப் போன் வழியாகத் தமிழில் சொல்ல ஒருத்தரை வைத்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசன். "சலம் போகேக்க நோகுதோ ஐயா?" என்று கேட்டார். அவர்கள் பக்கம் சலம் என்றால் நீர், நம்ம பக்கம் புண்ணில் வடிவது. எனக்குச் சலமே கிடையாது என்று இவர் அடித்துச் சொன்னார். நீரே போகவில்லை என்று நினைத்து டாக்டர் எழும்பியே விட்டார். கடைசியில் வெளியே இருந்த சுபாவைத்தான் கூப்பிட வேண்டி வந்தது. அவள் உள்ளே வந்து சொல்லச் சொல்ல, இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பதில் சொன்னார். வெளியே வந்ததும், இனி அவளை உள்ளே விடாதே என்றார்.

அந்தச் சுரப்பிக்காக ரத்தத்தில் பார்க்கிற அளவு கூடியிருந்தது. ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது. மறுபடியும் ரத்தம் பார்த்தால் அளவு இன்னும் ஏறியிருக்கிறது. திரும்பவும் குத்த வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள ஒரு ஆராய்ச்சியில் சேர்த்து நீரைப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த நீர் அதே கட்டடத்தில் கீழ்த்தளத்துக்குப் போகும். கீழ்த்தளத்தில்தான் சுபாவுக்கு வேலை.

நீர் கொடுக்க வேண்டிய அன்றைக்கு அவள் எங்களை மேலே விட்டுவிட்டுக் கீழே போய்விட்டாள். இந்தப் பரிசோதனைக்கு டாக்டர் பின்பக்கமாக விரலை விட்டு அந்தச் சுரப்பியை அழுத்திவிட வேண்டும். அழுத்தினதும் வருகிற முதல் நீரைக் குப்பியில் பிடிக்க வேண்டும். இவர் திரையை விலக்கி வெளியே வந்தபோது முகம், சந்தையில் வேட்டி அவிழ்ந்த ஆள் மாதிரி இருந்தது. முட்டு வலி, தனியே நிற்க மாட்டார் என்று சைகையில் சொல்லி நானும் கூடவே கக்கூசுக்குள் போனேன்.

குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"ஏட்டி, இது கீழ அவ கைக்குத்தான் போவும்."

"போனா என்ன? அவளுக்க வேலை அதுதானே."

"எனக்குச் சோறு விளம்புதவ ஏட்டி அவ."

அதே நாணம் எனக்குள்ளும் இருந்தது. இவர் நீரைக் கக்கூஸ் கோப்பையில் விட்டு, தண்ணீரையும் அழுத்திவிட்டு, காலிக் குப்பியை என் பக்கம் நீட்டினார். நீரு நீருதானே, நீ குடு என்றார்.

கொடுத்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் கொடுத்தேன். மூடியை இறுக்கி, வெளிப்புறத்தைத் துடைத்து, நர்ஸ் கையில் வைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். பிறகு நாங்கள் கீழே போய்ச் சாயா குடித்தோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் இவர் லேசாகச் சிரித்தார். வீட்டு மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக இரண்டு பேருக்கும் நினைப்பு.

5

அடுத்த வாரம் ஆசுபத்திரியிலிருந்து போன் வந்தது. சுபாதான் எடுத்தாள். நான் கறிக்குப் பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். அவள் போனை வைத்துவிட்டு வந்து, ஒரு பிடி பயறு எடுத்து, என்னோடு இருந்து உடைக்கத் தொடங்கினாள்.

"மாமி, அண்ணைக்கு மாமாகூட உள்ள நீங்களும் போனியளா?"

"அவருக்கு முட்டு வலி. பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டாமா?"

"பிடிச்சுக்கிட்டு மட்டுந்தான் நின்னியளா?"

நான் பயறைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் உயரவே இல்லை. அந்த நீள நகலைப் பார்க்கிறதோடு, ஒவ்வொரு குப்பியிலும் இன்னொன்றையும் பார்ப்பார்களாம். அந்தச் சுரப்பியிலிருந்துதான் நீர் வந்தது என்பதற்கு அது சாட்சி. அழுத்தினது போதாமல் போனால் சாட்சி குறைவாக இருக்கும். ஒரு குப்பியில் சாட்சி அடியோடு இல்லை. அந்தச் சுரப்பியே இல்லாத ஆளுடைய நீர் மாதிரி இருக்கிறதே என்று கீழே எல்லாரும் சேர்ந்து நின்று பார்த்தார்களாம். அவளும் பார்த்திருக்கிறாள். யாருடையது என்று அப்போது தெரியாது. மாமாவுடைய குப்பி சரியில்லை என்று இன்றைக்குப் போன் வந்ததும் தெரிந்துவிட்டது.

அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத எனக்குச் சொல் தெரியாது. அவருடையதை மறைக்கப் போய், என்னுடையதை இத்தனை பேருக்கு நடுவில் வைத்துவிட்டேன். அதைவிட, ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகிற ஒரு மனுசனுக்கு ஒரு வாரத்தை வீணாக்கிவிட்டேன்.

"மணிகிட்ட சொல்லுவியா?" என்று கேட்டேன். அதைத்தான் முதலில் கேட்டேன் என்பதும் ஒரு வெட்கம்.

"எதுக்கு மாமி? ஆசுபத்திரியிலயும் பேசியாச்சு, ரெண்டாவது குப்பி குடுப்பாவ. அதுல மாமாவுக்கது வரணும். அவ்வளவுதான்."

மாமா தர மாட்டார் என்றேன். சுபா கையைக் கழுவினாள். நேரே ஹாலுக்குப் போனாள். அவர் டிவிக்கு முன்னால் இருந்தார். அவள் எதிரே போய் நிற்கவில்லை. பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இவர் வழக்கம்போல என்னைத் தேடித் திரும்பினார். நான் அடுக்களை வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"மாமா, குப்பியில பேரு எழுத மாட்டாவ. நம்பர் மட்டுந்தான். ஒரு பெட்டி குப்பி வரும், அதுல எது உங்களுக்கதுன்னு எனக்கு எண்ணைக்கும் தெரியாது. இந்தத் தடவை மட்டுந்தான் தெரிஞ்சுது. அதுல நீங்க இல்லாததுனால."

டிவியில் யாரோ பனியில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் டிவிச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், "எப்பம் போவணும்?" என்றார். பத்து வருசமாக அந்த வீட்டுக்கு மருமகளாக இருக்கிறவளிடம் அவர் நேரே கேட்ட முதல் கேள்வி அதுதான்.

6

இரண்டாவது குப்பியில் சாட்சி இருந்தது. அந்த நீள நகலும் அளவுக்கு மேல் இருந்தது. அதுவே தீர்ப்பு இல்லை, இன்னொரு முறை குத்திப் பார் என்று சொல்வது மட்டுந்தான் அதன் வேலை. குத்திப் பார்த்தார்கள். முதல் முறை ஊசி படாத இடத்தில் புற்று இருந்தது. சுரப்பிக்கு வெளியே போகவில்லை. சுரப்பியையே எடுத்துவிட்டார்கள்.

எடுத்த பிறகு கொஞ்ச காலம் நீர் தானாகக் கசியும். அதற்கு வேண்டிய பஞ்சுத் துணியைச் சுபாதான் கடையில் வாங்கி, காகிதப் பையில் சுற்றி, நாங்கள் படுக்கிற முறி வாசலில் வைத்துவிட்டுப் போவாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஊருக்குப் போன் பண்ணிக் கல் என்று நான் சொன்னபோதும் பக்கத்தில்தான் இருந்தாள். மருமகள் டாக்டர், அவள்தான் எல்லாம் பார்த்துக்கொண்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் எதைப் பார்த்தாள் என்று மட்டும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். ஆம்பிளைகளுடைய மூத்திரத்தைப் பார்க்கிறாள். நீர் என்று எழுதச் சொன்னவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இங்கே குளிர்காலத்தில் துணியை வெளியே காயப் போட முடியாது. ஹாலில் சூடு வருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பிச் சட்டம் விரித்து அதில் போடுவோம். சுபாவின் சட்டை, அனுவின் காலுறை எல்லாம் கிடந்தது. கடைசிக் கம்பியில் இவருடைய உள்துணி தொங்கியது. நான் போடவில்லை. குளிமுறிக்குள் போய்ப் பார்த்தேன். கயிற்றைக் காணவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யாராவது வீட்டுக்கு வந்தால் என்ன நினைப்பார்கள் என்று எடுக்கப் போனேன். இவர் நாற்காலியில் இருந்து அனுவிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, செம்பு நிறையக் குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சுபா வீட்டில் இருந்தாள். எடுக்கப் போன கையை மடக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். கூச்சம் போகவில்லை. துணி அங்கேயே கிடக்கிறது.

ராத்திரி எழும்பிப் போவதெல்லாம் புற்று இல்லையாம். வயசானால் பெரும்பாலும் வெறும் வீக்கந்தானாம். சுபா வாசிக்கிற நீளநகல் பரிசோதனை நம்ம பக்கம் உண்டோ என்னவோ, எனக்குத் தெரியாது. ரத்தம் பார்க்கிறதும் டாக்டர் விரல் வைத்துப் பார்க்கிறதும் நாகர்கோவிலிலேயே உண்டு. அந்த விரலுக்கு வெட்கப்பட்டால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

கொழுந்தன் பேரை எழுதவில்லை. குப்பியிலும் பேர் எழுத மாட்டார்கள். உள்ளே இருப்பது யார் என்று அவனுக்குத் தெரியும். நாளைக்குக் கடையை அடைத்துவிட்டு அவன் ஆசுபத்திரிக்குப் போனான் என்றால், போனது எவன் என்று உங்களுக்கும் தெரியும். தெரியட்டும்.